பெயர் இழந்த சித்திரங்கள்

ஒரு சித்திரத்துக்கு இரண்டு விதமான மரணம் உண்டு. தீயினாலோ, வெள்ளத்தினாலோ, கரையானாலோ அழிந்து போவது ஒன்று. அது கண்ணுக்குத் தெரிகிற மரணம். கேள்விப்பட்டவர்கள் "ஐயோ!" என்று இரங்குவார்கள். மற்றொன்று ஓசையின்றி நேர்வது. படம் சுவரிலேயே தொங்கும், வர்ணமும் மங்கியிராது. ஆனால், அதை எழுதியவர் யார், எந்த வருஷத்தில் எழுதினார், எப்படி அந்தச் சுவருக்கு வந்து சேர்ந்தது என்று சொல்ல ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார். இந்த இரண்டாவது மரணத்துக்காக யாரும் கண்ணீர் விடுவதில்லை. அது நேர்ந்ததே யாருக்கும் தெரிவதில்லை.

நமது தேசத்துச் சித்திரகலாசாலைகளில் எத்தனையோ தலைமுறைகளின் உழைப்பு சேர்ந்து கிடக்கிறது. ஆசிரியர்கள் எழுதிய படங்கள், மாணாக்கர்கள் பரிசு பெற்ற படங்கள், கண்காட்சிகளில் வைத்த சிற்பங்கள், அச்சுப் படங்கள், பயிற்சிக்காகத் தீட்டிய கோட்டுருவங்கள் என்று அவை பல வகை. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தூசி தட்டி, டிஜிட்டல் காமிராவினால் படம் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணும் விவரமும் கொடுத்துக் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்கும் வேலை இப்பொழுது உலகமெங்கும் கலாசாலைகளில் நடைபெற்று வருகிறது. "இது ஏதோ குமாஸ்தா வேலை, இதில் கலை என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்களை, 150 வருஷங்களுக்கு முன்பு பம்பாய்க் கலாசாலை ஒன்றின் மாணாக்கர்கள் மேற்கொண்ட ஒரு மகத்தான காரியத்தைச் சற்றே எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

அஜந்தாவும் முதல் தீயும்

மகாராஷ்டிர நாட்டிலே, வாகோரா நதி குதிரை லாடம் போல வளைந்து செல்லும் ஒரு மலைச் சரிவில், அஜந்தாவின் குகைகள் குடைந்திருக்கின்றன. கிறிஸ்துவுக்கு முன் 2-ஆம் நூற்றாண்டு முதல், பின் 5-ஆம் நூற்றாண்டு வரையில் பௌத்த பிக்ஷுக்களும், அவர்களை ஆதரித்த அரசர்களும் வணிகர்களும் அமைத்த கோயில்கள் அவை. பிற்காலத்தில் காடு மூடி, வெளி உலகம் அவற்றை மறந்தது. 1819-ஆம் வருஷத்தில் மதராஸ் படையைச் சேர்ந்த ஜான் ஸ்மித் என்ற அதிகாரி புலி வேட்டைக்கு வந்த இடத்தில் குகையின் வாயிலைக் கண்டார். கண்டவர் சும்மா போகவில்லை. 10-ஆம் குகையின் தூண் ஒன்றில், புத்தபிரானின் திருவுருவத்தின் மேலேயே தமது பெயரையும் தேதியையும் கீறிவிட்டுப் போனார்! அந்தச் சித்திரத்தை எழுதிய மகானின் பெயர் நமக்குத் தெரியாது. அதைக் கீறியவரின் பெயர் மட்டும் சரித்திரத்தில் நிலைத்துவிட்டது. பெயர் பதிவதிலும் இப்படி ஒரு விபரீதம் உண்டு.

குகைச் சித்திரங்கள் நாளுக்கு நாள் உதிர்ந்து வருவதைக் கண்டு, அவற்றைப் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்ற யோசனை எழுந்தது. 1844-ஆம் வருஷத்தில் மதராஸ் படையிலிருந்த ராபர்ட் கில் என்பவர் இந்த வேலைக்கு நியமனம் பெற்றார். ஏறக்குறைய இருபது வருஷ காலம் அவர் அந்தக் காட்டுப் பிரதேசத்திலேயே தங்கி, பெரிய பெரிய துணிகளில் தைல வர்ணத்தினால் பிரதிகள் எழுதி லண்டனுக்கு அனுப்பினார். அங்கே அவற்றை ஸிடன்ஹாம் என்னும் இடத்திலிருந்த கண்ணாடி மாளிகையில் காட்சிக்கு வைத்தார்கள். 1866-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அந்த மாளிகையில் தீப்பிடித்தது. நாலைந்து படங்கள் தவிர, அங்கே வைத்திருந்த மற்றவை யாவும் சாம்பலாயின. ஒரு மனிதனின் இருபது வருஷம் ஒரே இரவில் போய்விட்டது. ஆயினும் கில் மனம் தளராமல் மறுபடியும் அந்தக் குகைகளுக்கே திரும்பி வேலையைத் தொடங்கினார் என்பதை நினைக்கும்போது, அவருக்குத் தலை வணங்கத் தோன்றுகிறது.

பம்பாய் மாணாக்கர்கள்

இதற்குள் பம்பாயில் ஒரு சித்திரகலாசாலை தோன்றியிருந்தது. ஜம்சேட்ஜி ஜீஜிபாய் என்னும் பார்ஸி வள்ளல் ஒரு லட்ச ரூபாய் நன்கொடை அளிக்க, 1857-இல் அவர் பெயராலேயே அது ஆரம்பமாயிற்று. இன்றும் ஜே. ஜே. கலாசாலை என்றால் மும்பையில் அறியாதவர் இல்லை. அங்கே ஆசிரியராக இருந்த ஜான் கிரிபித்ஸ் என்பவரிடம் 1872-இல் பம்பாய் அரசாங்கத்தார் அஜந்தாப் பிரதி வேலையை ஒப்புவித்தார்கள். அவர் தமது மாணாக்கர்களை அழைத்துக்கொண்டு குகைகளுக்குப் போனார்.

அந்த இளைஞர்கள் பட்ட சிரமத்தைச் சிறிது கற்பனை செய்து பாருங்கள். குகையின் உட்பகுதியில் பட்டப்பகலிலும் இருள். வௌவால்களின் நாற்றம். சுவரிலோ நூற்றாண்டுகளாகப் படிந்த புகையும் அழுக்கும். அந்த மங்கலுக்குள்ளே கண்ணைச் செலுத்தி, போதிசத்துவரின் புருவம் எங்கே வளைகிறது, அரசியின் விரல் எப்படி மடங்குகிறது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். வேலை ஆரம்பித்து முடிந்ததற்கு இடையே 13 வருஷங்கள் கழிந்தன. சுமார் 300 படங்கள் உருவாயின. அவற்றில் சில 6 மீட்டர் நீளமுள்ளவை.

படங்கள் லண்டனுக்குப் போயின. தெற்குக் கென்ஸிங்டன் பொருட்காட்சி சாலையைச் சேர்ந்த கட்டடத்தில் அவற்றை வைத்தார்கள். விதி மறுபடியும் சிரித்தது. 1885-ஆம் வருஷத்தில் அங்கேயும் தீப்பிடித்து, ஏராளமான படங்கள் எரிந்து போயின. கில் எழுதியவற்றில் தப்பியதும் மாணாக்கர்கள் எழுதியவற்றில் தப்பியதும் சேர்த்து, 160-க்குச் சற்று மேற்பட்ட படங்களே இன்று விக்டோரியா-ஆல்பர்ட் பொருட்காட்சி சாலையில் இருக்கின்றன. 1896-இல் கிரிபித்ஸ் வெளியிட்ட பெரிய புத்தகத்தின் மூலமாகத்தான், எரிந்து போனவற்றில் சிலவற்றையேனும் பின்வந்தவர்கள் பார்க்க முடிந்தது. அச்சிட்ட புத்தகம் ஒரே இடத்தில் இருப்பதல்லவே! ஆயிரம் மைலுக்கு அப்பால் நூறு அலமாரிகளில் இருக்கும் பொருளை ஒரு தீ என்ன செய்ய முடியும்?

மூன்றாவது தீ ஜப்பானில் மூண்டது. ரவீந்திரநாத தாகூரின் அழைப்புக்கு இணங்கி 1916-இல் பாரத நாட்டுக்கு வந்த ஆராய் காம்போ என்னும் ஜப்பானியச் சித்திரகாரர், அஜந்தாவுக்கும் சென்று பிரதிகள் எடுத்து டோக்கியோவுக்குக் கொண்டு போனார். அங்கேயுள்ள சர்வகலாசாலையில் அவற்றை வைத்திருந்தார்கள். 1923-ஆம் வருஷத்துப் பெரிய பூகம்பத்தில் எழுந்த நெருப்புக்கு அவையும் இரையாயின.

சிட்னஹாம், கென்ஸிங்டன், டோக்கியோ - மூன்று இடங்கள், மூன்று தீ. மூலச் சித்திரங்களோ, மதராஸ் படை அதிகாரியின் கீறலையும் மழைக் கசிவையும் தாங்கிக்கொண்டு மலையிலேயே இருக்கின்றன. இந்தச் சரித்திரம் நமக்குப் புகட்டும் முதற்பாடம் மிக எளியது: ஒரே ஒரு பிரதி என்பது பாதுகாப்பு ஆகாது.

பிரதி எடுப்பதிலும் தீங்கு உண்டு

இரண்டாவது பாடம் சற்றுக் கசப்பானது. மங்கிய சித்திரம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, பிரதி எடுக்க வந்தவர்கள் குகைச் சுவரில் வார்னிஷ் பூசினார்கள். அப்பொழுது சித்திரம் பிரகாசமாகத்தான் தெரிந்தது. நாளடைவில் அந்த வார்னிஷே கறுத்து, அழுக்கைப் பிடித்து வைத்துக்கொண்டது. பின்னர் 1920-ஐ ஒட்டி ஹைதராபாத் நிஜாம் இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைத்துச் செப்பனிட்டார். அவர்கள் சிரத்தையோடு உதிர்ந்த பூச்சைச் சுவரோடு ஒட்ட வைத்தார்கள். ஆனால், மேலே பூசிய அரக்குப் பூச்சு பிற்காலத்தில் மஞ்சள் பாரித்தது. பின்வந்த தொல்பொருள் இலாகாவினருக்கு, பழைய அழுக்கை அகற்றுவதோடு, காப்பாற்ற வந்தவர்கள் விட்டுப்போன பூச்சை அகற்றுவதும் ஒரு பெரும் வேலையாயிற்று.

இன்று காமிராவைத் தூக்கிக்கொண்டு கலாசாலைச் சேமிப்பு அறைக்குள் நுழைகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். படம் நன்றாக விழ வேண்டுமென்று ஈரத் துணியால் துடைப்பது, சட்டத்திலிருந்து அவசரமாகப் பிடுங்குவது, எண் எழுதிய பசைத்தாளைப் படத்தின் முகத்திலேயே ஒட்டுவது - இவை யாவும் அந்தப் பழைய வார்னிஷின் தம்பிமாரே.

ஸ்ரீமான்கள் பெயர் எங்கே?

மூன்றாவது பாடம் எல்லாவற்றிலும் முக்கியமானது. வெகுகாலம் வரையில் அந்த 300 படங்களையும் உலகம் "கிரிபித்ஸின் அஜந்தாப் பிரதிகள்" என்றே வழங்கி வந்தது. கிரிபித்ஸ் தலைமை வகித்தவர். அவருடைய உழைப்பையும் நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இருட்டிலே நின்று தூரிகை பிடித்தவர்கள் யார்? பெஸ்தோன்ஜி போமன்ஜி, ஜயராவ் ராகோபா முதலிய பம்பாய் மாணாக்கர்கள் அல்லவா? பெஸ்தோன்ஜி பிற்காலத்தில் உருவப்படம் எழுதுவதில் பெரும் புகழ் பெற்றபடியால் அவர் பெயர் வேறு வழியில் தப்பியது. மற்றவர்கள் பெயரைக் காப்பாற்றியது எது தெரியுமா? கலாசாலையின் அறிக்கைகளும், படங்களோடு கூடச் சென்ற விவரங்களும், பொருட்காட்சி சாலையின் பதிவேடுந்தான். ஏதோ ஒரு குமாஸ்தா, எந்தப் படத்தை எந்த மாணாக்கர் எழுதினார் என்று சோம்பல் இல்லாமல் குறித்து வைத்தார். அதன் பயனாக, லண்டன் பொருட்காட்சி சாலையார் இப்பொழுது வெளியிட்டிருக்கும் டிஜிட்டல் பதிவுகளில், அந்த இளைஞர்களின் பெயர்களை உலகில் எந்த மூலையிலிருந்தும் படிக்க முடிகிறது.

சுதந்திரம் பெற்ற ஒரு தேசத்துக்கு இது சிறிய விஷயமா? நம்முடைய பிள்ளைகள் செய்த வேலைக்கு நம்முடைய பிள்ளைகளின் பெயர் இருக்க வேண்டும் என்பதைவிட நியாயமான கோரிக்கை வேறு எது? பதிவேடு என்பது, பெரியவர்களின் நிழலில் மறைந்துவிட்ட சிறியவர்களுக்கு நீதி வழங்கும் சபை.

அஜந்தாவின் கதை இத்துடன் முடியவில்லை. 1909 முதல் 1911 வரையில் இரண்டு குளிர்காலங்களில் ஹெரிங்ஹாம் சீமாட்டி அங்கே பிரதி எடுக்க வந்தபோது, கல்கத்தாவிலிருந்து நந்தலால் போஸ், அஸித் குமார் ஹால்தார், ஸமரேந்திரநாத் குப்தா ஆகியோரும், மைசூரைச் சேர்ந்த வெங்கடப்பாவும் உதவிக்குச் சென்றார்கள். 1915-இல் வெளியான புத்தகத்தில் அவர்கள் பெயர்கள் இடம் பெற்றன. குகைச் சுவரின் முன் நின்று கற்ற அந்த ரேகைகளே, நந்தலால் 1938-இல் ஹரிபுரா காங்கிரஸுக்காக எழுதிய படங்களுக்கும், பின்பு அவரும் அவருடைய மாணாக்கர்களும் நமது அரசியல் சாஸனத்தின் ஏடுகளை அலங்கரித்ததற்கும் அஸ்திவாரம். பிரதி எடுக்கப் போனவர்கள் ஒரு புதிய கலையையே எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்!

பதிவு செய்வது எப்படி?

கலாசாலை ஒன்றில் இந்த வேலை எவ்வாறு நடக்கிறது என்று நேயர்கள் அறிய விரும்பலாம்.

முதலில், ஒவ்வொரு பொருளுக்கும் வேறெதற்கும் இல்லாத ஓர் எண் கொடுக்கிறார்கள். அந்த எண்ணைச் சித்திரத்தின் முகத்தில் எழுதுவதில்லை. காகிதப் படமானால் பின்புறத்து ஓரத்தில் மெல்லிய பென்ஸிலால் குறிக்கிறார்கள்.

பிறகு படம் பிடித்தல். காமிராவின் கண்ணாடி சித்திரத்துக்கு நேர் எதிரே, கோணல் இல்லாமல் நிற்க வேண்டும். இரண்டு பக்கங்களிலிருந்தும் சமமான வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும். பக்கத்தில் வர்ண அளவுகோல் அட்டை ஒன்றை வைத்துச் சேர்த்துப் பிடிப்பார்கள். பின்னாளில் படத்தைப் பார்ப்பவர், சிவப்பு உண்மையில் எத்தகைய சிவப்பு என்று அந்த அட்டையைக் கொண்டு நிர்ணயிக்கலாம். முகத்தைப் போலவே முதுகையும் படம் பிடிப்பது அவசியம். சித்திரத்தின் முதுகிலேதான் மாணாக்கரின் கையெழுத்தும், வகுப்பும், கண்காட்சிச் சீட்டும், சட்டம் போட்ட கடையின் முத்திரையும் ஒளிந்திருக்கும். முகம் அழகைச் சொல்லும். முதுகுதான் சரித்திரத்தைச் சொல்லும்.

மூன்றாவது, ஜாபிதா. ஆக்கியவர், தலைப்பு, காலம், எதன் மேல் எதனால் எழுதியது, நீள அகலம், கையெழுத்து இருக்கும் இடம், கலாசாலைக்கு வந்த விதம், எந்தெந்தக் கண்காட்சியில் வைத்தது, பெற்ற பரிசு, இப்போதைய நிலை, இருக்கும் அலமாரி ஆகிய இவ்வளவையும் குறிக்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும். ஊகத்தை உண்மையாக எழுதிவிட்டால், அது நூறு இடங்களில் பிரதியாகிப் பிறகு திருத்தவே முடியாமல் போகும். நமது தேசத்துப் பெரிய பொருட்காட்சி சாலைகளின் உபயோகத்துக்காகப் புனேயிலுள்ள ஸி-டாக் ஸ்தாபனத்தார் "ஜதன்" என்னும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டை அமைத்திருக்கிறார்கள். அவ்வளவு வசதி இல்லாத கலாசாலையும், ஒழுங்காகக் கோடிட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு இன்றைக்கே வேலையைத் தொடங்கலாம். படம் இல்லாத ஜாபிதாவினால் ஓரளவு பயன் உண்டு. ஜாபிதா இல்லாத ஆயிரம் படங்களோ, முகவரி எழுதாத ஆயிரம் கடிதங்கள்.

நான்காவது, சேமிப்பு. இங்கேதான் அந்த மூன்று தீயும் நம் கண் முன் வர வேண்டும். டிஜிட்டல் படம் நெருப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று எண்ணுவது பேதைமை. கம்ப்யூட்டரின் தகடு ஒரு நாள் சொல்லாமல் நின்றுபோகும். இன்றைய முறையில் பதிந்ததை நாளைய இயந்திரம் படிக்க மறுக்கலாம். ஆகவே விஷயம் அறிந்தவர்கள் ஒரு விதி சொல்கிறார்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறு ஊரில். கில்லுக்கும் ஆராய் காம்போவுக்கும் இந்த விதி கிடைத்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும்!

சட்டத்தையும் மறக்கலாகாது. 1957-ஆம் வருஷத்து நமது பதிப்புரிமைச் சட்டப்படி, சித்திரகாரரின் ஆயுட்காலமும், அதற்குப் பின் 60 வருஷங்களும் உரிமை நீடிக்கிறது. படம் கலாசாலையின் சுவரில் இருக்கிறது என்பதனாலேயே, அதை உலகறிய வெளியிடும் உரிமை கலாசாலைக்கு வந்துவிடாது. அண்மைக் காலத்து மாணாக்கர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் அனுமதி பெறுவது கடமை. அந்தச் சாக்கில் பழைய மாணாக்கர்களோடு தொடர்பு ஏற்பட்டு, மறந்துபோன விவரங்கள் பல வெளிவருவதும் உண்டு.

ஒரு வாரத்துக் கண்காட்சியும் ஒரு தாள் ஜாபிதாவும்

கண்காட்சிகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சித்திரமாவது சுவரில் நிற்கும். கண்காட்சியோ ஒரு வாரமோ, இரண்டு வாரமோ இருந்து கலைந்துவிடும். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருந்தது, நீதிபதிகள் எதைப் பாராட்டினார்கள், அன்றைய விலை என்ன என்பவை எல்லாம் அன்று அச்சடித்த ஒரு தாள் ஜாபிதாவிலேதான் உயிர் வாழ்கின்றன. 1873-ஆம் வருஷத்தில் சென்னையில் நடந்த சித்திரக் கண்காட்சியில், 25 வயது இளைஞரான ரவிவர்மா கவர்னரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றார் என்று நாம் இன்று பெருமையோடு சொல்கிறோம். பம்பாய்க் கலாசாலை மாணாக்கரான துரந்தர் 1895-இல் பம்பாய்க் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் பெற்றதையும் சொல்கிறோம். யாரோ அன்று எழுதி வைத்ததனால் சொல்கிறோம். எழுதி வைக்காத கண்காட்சிகளில் எத்தனை ரவிவர்மாக்கள் வந்து போனார்களோ, யார் கண்டது?

ஆகவே, கலாசாலையில் கண்காட்சி முடிந்ததும் அழைப்பிதழ், ஜாபிதா, சுவரில் படங்கள் நின்ற வரிசையைக் காட்டும் புகைப்படம், பத்திரிகை விமரிசனம் ஆகிய நான்கையும் ஒரே உறையில் இட்டுப் பதிந்துவிட வேண்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. சிரத்தை ஒன்றே போதும்.

வீட்டில் இருப்போர் செய்யத்தக்கது

"இதெல்லாம் கலாசாலைக்காரர்கள் கவலை; எங்களுக்கு என்ன?" என்று நேயர்கள் எண்ண வேண்டாம். கலாசாலையில் காணாமற்போன காகிதங்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் இருக்கின்றன. தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலே, அவர் படித்த காலத்துக் கண்காட்சி ஜாபிதா ஒன்று மடித்துக் கிடக்கலாம். அத்தை சித்திரகலாசாலையில் படித்தபோது வகுப்பாருடன் எடுத்துக்கொண்ட குரூப் போட்டோவின் பின்னால் பதினைந்து பெயர்கள் இருக்கலாம். பழைய காகிதக்காரனிடம் எடை போடுவதற்கு முன்பு, அவற்றை ஒரு முறை அந்தக் கலாசாலைக்குத் தெரிவியுங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஒரு பிரதி எடுத்துக்கொள்ளக் கொடுத்தால் போதும். 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியர் தொடங்கிய நமது சென்னைக் கலாசாலை, பம்பாய்க் கலாசாலைக்கும் மூத்தது. அங்கே பயின்றவர்களின் சந்ததியார் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பரண்கள் யாவும் அந்தக் கலாசாலையின் கிளைச் சேமிப்பு அறைகள் என்றே சொல்லலாம்.

பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு, "இந்தப் படத்தை எழுதியவர் யார்? இதில் நிற்பவர் யார்?" என்று எழுதிக்கொள்ளுங்கள். அஜந்தாவின் சுவரை எழுதிய மகான்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள அன்று ஒருவரும் இல்லை. அந்த நஷ்டத்தை இனி யாராலும் ஈடு செய்ய முடியாது. நம் காலத்துச் சித்திரகாரர்கள் விஷயத்தில் அப்படி ஒரு நஷ்டம் நேராதிருக்க ஒரு பென்ஸிலும், ஒரு நோட்டுப் புத்தகமும், அரை மணி நேரமும் போதும்.